பூஜ்ஜியமாவது நாற்காலி

ரோசிட்சா,
4 அக்டோபர் 1999

அன்புள்ள அசென் அண்ணாவுக்கு,

இடது முழங்காலைத் தவிர நான் முழுக்க நலம். நீயும் நெவெனா அண்ணியும் சோஃபியாவில் சுகம்தானே? பேருந்து ஓட்டுநர் கையில் ஆறு பாட்டில் லியூதெனிட்சா தொக்கு கொடுத்தனுப்பியிருக்கிறேன். இந்த வருஷம் மிளகாய் நன்றாக வெந்தது, தக்காளிதான் கொஞ்சம் தண்ணீர். அண்ணி குறை சொல்வதற்கு முன்பே நானே சொல்லிவிட்டேன்.

இப்போது விஷயம். எங்கள் பள்ளியில் நான் நடத்தும் பாஸ்கல் கணினிமொழிப் பாடம் இந்த வருஷத்தோடு முடிகிறது. அடுத்த செப்டம்பரிலிருந்து முதல் வருஷம் கணினி படிக்கும் பிள்ளைகளுக்கே பொருள்நோக்கு நிரலாக்கம் கற்பிக்க வேண்டுமாம். எந்த மொழியில் என்று மார்ச் மாதம் குழு கூடி முடிவெடுக்கும். நான் ஜாவா என்று யோசிக்கிறேன். ஆனால் சோஃபியாவிலிருந்து ஒரு கம்பெனி வந்து தலைமையாசிரியர் தொதொரோவ் காதில் சி பிளஸ் பிளஸ் என்று ஓதிவிட்டுப் போயிருக்கிறது. அதை எடுத்தால் இருபது கணினி இலவசம். பாடப் புத்தகமும் அவர்களுடையது, ஆசிரியரும் அவர்களுடைய ஆள். அவர்கள் விளம்பரத் தாளையும் இத்துடன் வைத்திருக்கிறேன். அப்படி நடந்தால் ஜூன் மாதம் எனக்கு வேலை இல்லை. தொதொரோவ் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார்.

வேலைக்காக ஒரு மொழியைப் பிடித்துத் தொங்குகிறேனோ என்று என் மேலேயே எனக்குச் சந்தேகம். நீ சொன்னால் நம்புவேன். ஒரு பேருந்து, பத்துப் பயணிகள். இதை இரண்டு மொழியிலும் சின்ன நிரலாக எழுதி அனுப்பு. பிள்ளைகளுக்கு எது புரியும் என்று ஒளிக்காமல் சொல்.

உன் பழைய வழக்கத்தை இதில் காட்டாதே. இயந்திரம் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும். நீயோ பத்துப் பேருக்குப் பதினோரு இடம் கேட்பாய், பூஜ்ஜியமாவது இடத்தைக் காலியாக விட்டுவிட்டு ஒன்றிலிருந்து ஆட்களை உட்கார வைப்பாய். கல்லூரியில் பேராசிரியர் திட்டியபோது, "அது செத்துப்போன எங்கப்பா நாற்காலி சார். கிறிஸ்துமஸுக்கு மொத நாள் சாப்பாட்டுல கூட அதுல யாரும் உக்கார மாட்டோம்" என்றாயாமே. அவர் அதற்குப் பிறகு உன்னைத் திட்டவே இல்லை என்று கேள்வி.

வீட்டு எண்ணுக்குப் பேசினால் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. பதில் போடு.

உன் தங்கை,
சோர்னிட்சா


சோஃபியா,
29 அக்டோபர் 1999

அன்புள்ள சோரா,

இங்கே அனைவரும் நலம். உன் முழங்காலுக்கு ஒரு களிம்பு வைத்திருக்கிறேன். காலை, மாலை இரு வேளை தடவு, நிறையத் தடவினால் சீக்கிரம் குணமாகும் என்று நினைக்காதே. பாட்டில்களில் ஒன்று உடைந்து வந்தது. மீதி ஐந்தும் நன்றாக இருந்தன. தக்காளியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை.

உன் அண்ணனுக்கு வேலை தலைக்கு மேல். எழுத நேரமில்லை, என்னை எழுதச் சொன்னார். ஜாவாதான் நல்லது என்கிறார். தொடங்குகிற இடத்தில் மூன்று வரி புரியாத மந்திரம் இருக்கிறது, அதைக் கேள்வி கேட்காமல் எழுதிவிட்டால் அப்புறம் எல்லாம் பழகிவிடும் என்கிறார். அவர் எழுதிய நிரலை இத்துடன் வைத்திருக்கிறேன். இன்னொரு மொழியில் எழுத இப்போது முடியவில்லை.

எனக்கு மருந்துக் கடையில் இந்த மாதம் மாற்றி மாற்றி முறை வருகிறது. அதனால் போன் எடுக்க வீட்டில் ஆள் இருப்பதில்லை. எதுவானாலும் கடிதமே போடு.

அன்புடன்,
நெவெனா


ரோசிட்சா,
15 நவம்பர் 1999

அன்புள்ள அண்ணிக்கு,

உங்கள் களிம்பால் நடக்கிறேன். நீங்கள் சொன்ன அளவுதான் தடவினேன். உங்கள் இருவர் உடம்பும் எப்படி இருக்கிறது?

நிரல் வந்தது. தட்டச்சு இயந்திரத்தில் அடித்த நிரலை வாழ்க்கையில் இப்போதுதான் பார்க்கிறேன். ஓர் இடத்தில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தது, போட்டதும் ஓடியது. நான் கேட்டது பேருந்தும் பயணிகளும். வந்தது மருந்துப் பெட்டியும் காலாவதித் தேதியும். அண்ணனுக்குத் தலைவலி மாத்திரையின் பெயர் கூடத் தெரியாதே. உங்களோடு இருந்து இருந்து கற்றுக்கொண்டான் போலிருக்கிறது.

இன்னொன்றும் பார்த்தேன். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியிருக்கிறான். நான் சொன்னதற்காகவா? என் பேச்சை அவன் கேட்டதாகச் சரித்திரம் இல்லை.

எப்படியோ, மருந்துப் பெட்டியை வகுப்பில் வைத்துப் பார்த்தேன். பொய்கோ என்று ஒரு பையன், ஒரு பெட்டியை இன்னொன்றுக்குச் சமம் என்று எழுதிவிட்டு, இரண்டாவதின் பெயரை மாற்றினான். முதலாவதும் மாறிவிட்டது. "டீச்சர், கம்ப்யூட்டருக்குப் பேய் புடிச்சிருக்கு!" என்று கத்தினான். "ரெண்டு பெட்டி எங்கடா இருக்கு? ஒரே பெட்டிக்கு ரெண்டு பேரு வச்சிருக்க" என்றேன். வகுப்பு முழுவதும் ஐந்து நிமிஷம் அதையே பேசியது. சி பிளஸ் பிளஸ்ஸில் இந்த இடத்துக்கு வரவே எனக்கு ஒரு மாதமாகும். அதற்குள் பாதிப் பிள்ளைகள் சுட்டிகள் என்ற அதன் கடினமான பாடத்தில் விழுந்து காணாமல் போயிருப்பார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வருகிறீர்கள்தானே? அண்ணனை அவன் கையெழுத்தில் இரண்டே வரி எழுதச் சொல்லுங்கள். திட்டி எழுதினாலும் சரி.

உங்கள்,
சோரா


சோஃபியா,
12 டிசம்பர் 1999

அன்புள்ள சோரா,

பதில் தாமதமாகிவிட்டது, கோபித்துக்கொள்ளாதே. நாங்கள் நலம், குளிர்தான் அதிகம்.

கிறிஸ்துமஸுக்கு வர முடியாது. வருஷம் இரண்டாயிரம் ஆகும்போது கணினியெல்லாம் குழம்பிவிடும் என்று ஊரே பயப்படுகிறதே, உன் அண்ணனுக்கு விடுமுறை யார் கொடுப்பார்கள்? அலுவலகத்திலேயே பழியாய்க் கிடக்கிறார். கையெழுத்து கேட்டாய். அவருக்குக் கை வலி. இன்னொரு நிரல் அனுப்பியிருக்கிறேன். மருந்து என்று ஒரு பொது வகை, அதிலிருந்து மாத்திரை, களிம்பு, ஊசி என்று பிரிகிற வகைகள். அரைப்புள்ளிகளை இரண்டு முறை எண்ணிப் பார்த்தாயிற்று.

ஒரு வார்த்தை சோரா. நீ எந்த மொழியை வேண்டுமானாலும் எடு. அந்தக் கம்பெனிக்காரர்களை மட்டும் உள்ளே விடாதே. ஏன் என்று கேட்காதே.

அன்புடன்,
நெவெனா


ரோசிட்சா,
10 ஜனவரி 2000

அன்புள்ள அண்ணிக்கு,

நலம். அங்கும் நலம் என்றே எழுதுவீர்கள் என்று தெரியும்.

புத்தாண்டு வந்தது. பள்ளிக் கணினிகள் பத்தில் ஏழு ஒழுங்காக ஓடின, அதற்கு முன்பே ஓடாத மூன்று இப்போதும் ஓடவில்லை. அண்ணன் பட்ட பாடு வீண் போகவில்லை என்று வைத்துக்கொள்வோம்.

பண்டிகைக்கு முன்தினம் தனியாகச் சாப்பிட உட்கார்ந்தேன். அப்பாவுக்கு ஒரு தட்டு வைத்தேன். ஏனோ பக்கத்தில் இன்னொன்றும் வைத்தேன்.

மறுவாரம் தபால் நிலையம் போய் அண்ணனின் அலுவலகத்துக்கே பேசினேன். எடுத்த பெண், "அசெனா? அப்டி யாரும் இங்க இல்லீங்களே" என்றாள். வேலைக்குப் புதிதாகச் சேர்ந்த பெண்ணாக இருக்க வேண்டும். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

கம்பெனியை உள்ளே விடாதே என்றீர்கள், காரணம் கேட்காதே என்றும் சொன்னீர்கள். சரி, கேட்கவில்லை.

சோரா


சோஃபியா,
25 ஜனவரி 2000

அன்புள்ள சோரா,

சுகம். நீ சொன்னபடி அது புதுப் பெண்தான். உன் அண்ணன் இப்போது வேலையாக வெளியூர் போயிருக்கிறார். வந்ததும் எழுதுவார்.

மூன்றாவது நிரல் இத்துடன். இதில் அலமாரி என்பதும் ஒரு பொருள், பெட்டிகளைத் தன்னிடம் வைத்துக்கொள்ளும், காலாவதி ஆனதைத் தானே எடுத்துப் போடும். இது நன்றாக வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

பனியில் வழுக்கிவிடப் போகிறாய், கவனம்.

நெவெனா


ரோசிட்சா,
20 பிப்ரவரி 2000

நெவெனா அண்ணிக்கு,

உங்கள் நலத்தை விசாரிக்க இன்று எனக்கு மனமில்லை. மன்னியுங்கள்.

கம்பெனி தன் பாடப் புத்தகத்தைப் பார்வைக்கு அனுப்பியது. எழுதியவர் பெயர் எங்கும் இல்லை. ஏழாம் பக்கத்தில் ஒரு பேருந்து. பத்துப் பயணிகள். பதினோரு இடம். பூஜ்ஜியமாவது இடம் காலி. ஒன்றிலிருந்து எண்ணிக்கை.

ஆசிரியர் அறையில் நாற்காலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இந்த நாட்டில் இப்படி எழுதும் ஆள் ஒருவன்தான். என் வேலைக்கு உலை வைக்கும் புத்தகத்தை என் கூடப் பிறந்தவன் உட்கார்ந்து எழுதியிருக்கிறான். உங்களுக்கு அது தெரியும். தெரிந்துதான் 'ஏன் என்று கேட்காதே' என்றீர்கள். ஒரு பக்கம் என் கையில் ஜாவாவைத் திணித்துவிட்டு, இன்னொரு பக்கம் அவன் தொதொரோவுக்குச் சி பிளஸ் பிளஸ் எழுதிக் கொடுக்கிறான். நல்ல குடும்பம்!

அப்படியென்றால் அவன் எழுதியதாக நீங்கள் அனுப்பிய, பூஜ்ஜியத்திலிருந்து எண்ணும் மூன்றும் யார் எழுதியது? அலுவலகத்தில் யாரையாவது பிடித்து எழுதி வாங்கினீர்களா? பொய்கோவுக்குச் சொன்னதுதான் நினைவு வருகிறது. நான் இத்தனை மாதமும் இரண்டு பேரோடு பேசுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஆள்தான் இரண்டு பெயரில் பதில் போட்டிருக்கிறீர்கள்.

குழு மார்ச் பதினைந்தாம் தேதி கூடுகிறது. அதற்குள் உண்மையை எழுதுவீர்களானால் எழுதுங்கள்.

மார்ச் ஒன்று வருகிறது. வழக்கத்தை விட முடியாமல் மார்தெனிட்சா, சிவப்பும் வெள்ளையுமாக முறுக்கிய கைக்கயிறு, இரண்டு இத்துடன் வைத்திருக்கிறேன். ஒன்று உங்களுக்கு. இன்னொன்றை யாருக்குக் கட்டுவது என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

சோர்னிட்சா


சோஃபியா,
2 மார்ச் 2000

சோரா,

உன் கடிதத்தைக் கடையில் நின்றபடியே படித்தேன். வாடிக்கையாளர் ஒருவருக்கு மருந்தை மாற்றிக் கொடுக்கப் பார்த்தேன், அவரே பார்த்துச் சொன்னார். அதனால் இனிமேல் பொய் வேண்டாம்.

ஆகஸ்டில் அசெனுக்கு வேலை போயிற்று. ஒரு மாதம் தினமும் காலையில் கோட்டு மாட்டிக்கொண்டு வேலைக்குப் போவது போலக் கிளம்பிப் போய்ப் பூங்காவில் உட்கார்ந்திருக்கிறார். எனக்குத் தெரிந்ததும், நான் ஒரு வார்த்தை கூடத் திட்டவில்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "உன் மூஞ்சிய பாக்க முடியல நெவெனா, ஒரு வேல கெடச்சதும் வர்றேன்" என்று எழுதி வைத்துவிட்டுச் செப்டம்பரில் போனவர்தான். வேறு பெண் யாரும் இல்லை. இருந்தால் சண்டை போட்டாவது கூட்டி வந்திருப்பேன்.

உன் அக்டோபர் கடிதத்தை நான்தான் பிரித்தேன். அவர் எங்கே இருக்கிறார் என்று ஒருவேளை உனக்குத் தெரிந்திருக்குமோ என்று உன் மேல் எனக்குச் சந்தேகம். படித்ததும் பயந்துவிட்டேன். பதில் வராவிட்டால் நீ அடுத்த பேருந்தில் கிளம்பி வந்துவிடுவாய். பண்டிகைக்குள் அவர் திரும்பிவிடுவார், அதுவரை சமாளித்தால் போதும் என்று நினைத்தேன்.

அந்த நிரல்களை எழுதியது நான்.

சிரிக்காதே. அவர் புத்தகங்கள் அலமாரியில் இருந்தன, கணினி மேசையில் இருந்தது. சி பிளஸ் பிளஸ் புத்தகத்தைத்தான் முதலில் எடுத்தேன், அதுதான் தடிமனாக, நம்பிக்கையாக இருந்தது. நாற்பதாம் பக்கத்தில் அழுதேன். ஜாவா புத்தகத்தில் பன்னிரண்டாம் நாள் ஒரு மருந்துப் பெட்டி தன் பெயரைத் தானே சொன்னது. பேருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? தெரிந்த சாமானை வைத்து எழுதினேன். கையெழுத்து காட்டிக்கொடுத்துவிடும் என்று கடையின் தட்டச்சு இயந்திரத்தில் அடித்தேன். பூஜ்ஜியத்திலிருந்து எண்ணச் சொல்லிப் புத்தகத்தில் இருந்தது, அப்படியே எண்ணினேன்.

நவம்பர் கடைசியில் பிளோவ்திவ் நகர முத்திரையோடு அவரிடமிருந்து ஒரு தபால் வந்தது. 'உயிரோடு இருக்கிறேன்' என்று ஒரே வரி, முகவரி இல்லை. ஆனால் உறையில், நீ அனுப்பிய விளம்பரத் தாளில் இருந்த அதே கம்பெனியின் பெயர் அச்சடித்திருந்தது. பக்கக் கணக்கில் ஏதோ எழுதிக் கொடுக்கிறார் என்று புரிந்தது. உன் பள்ளிக்குத்தான் என்று அவருக்குத் தெரியுமா, தெரியாதா, எனக்குத் தெரியாது. அவர்களை உள்ளே விட்டால் உன் பிழைப்பு போகும், விடாவிட்டால் அவருக்குக் கிடைத்த ஒன்றும் போகும். நீ அவர்களை உள்ளே விடக்கூடாது என்றே நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன்.

ஒரு மார்தெனிட்சாவை நேற்று கட்டிக்கொண்டேன். மற்றது மேசை இழுப்பறையில் இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை வழக்கத்துக்காக எழுதவில்லை.

நெவெனா


ரோசிட்சா,
18 மார்ச் 2000

என் அருமை அண்ணிக்கு,

நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா? உண்மையாகவே கேட்கிறேன், உண்மையாகவே பதில் எழுதுங்கள். உங்களைப் பற்றி நான் நினைத்ததையெல்லாம் நினைக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. யாரையாவது பிடித்து எழுதி வாங்கினீர்களா என்று கேட்டேனே, அந்த ஒரு வரிக்காக என்னை இரண்டு வேளை திட்டுங்கள்.

குழு கூடியது. உங்கள் மூன்று நிரலையும் தேதி வாரியாக மேசையில் வைத்தேன். தொதொரோவ் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது யார் எழுதினது? உங்க பசங்களா?" என்றார்.

"மருந்துக் கடையில வேல பாக்கற ஒரு அம்மா. அக்டோபர் ஆரம்பத்துல அவங்களுக்கு இதுல ஒரு எழுத்து தெரியாது. சொல்லிக் கொடுக்கவும் ஆள் இல்ல" என்றேன்.

"சும்மா சொல்லாதீங்க."

"முதலாவதுல ஒரு அரைப்புள்ளி விட்டுப்போச்சு பாருங்க. அதுக்குத்தான் தேதி போட்டு வச்சிருக்கேன்."

அவர் மறுபடி முதலாவதை எடுத்து, மூன்றாவதன் பக்கத்தில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். இத்தனை மாதமாக நான் அடுக்கி வைத்திருந்த வாதங்களை எடுக்க வேண்டிய தேவையே வரவில்லை.

பிறகு கம்பெனி ஆள். கழுத்துப்பட்டை, வாசனை எல்லாம் பலமாக இருந்தது. ஏழாம் பக்கத்துப் பேருந்தைத் திரையில் ஓட விட்டார், நன்றாக ஓடியது. "இப்ப பாருங்க, பயணிங்க பேரையெல்லாம் ஒவ்வொண்ணா கூப்பிடறேன், ரெண்டே வரி" என்று எல்லோர் முன்னாலும் தானே தட்டினார். உலகத்தில் எல்லோரும் எண்ணுவது போல, பூஜ்ஜியத்திலிருந்து. அப்பாவின் நாற்காலியில் ஆள் இருப்பதாக நினைத்துப் பெயர் கேட்டது நிரல். அங்கே யாரும் இல்லை. இயந்திரம் அப்படியே நின்றுபோயிற்று. மறுபடி ஓட்டினார், மறுபடி நின்றது. ஏன் என்று அவருக்குக் கடைசி வரை தெரியவில்லை. எனக்குத் தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை.

ஐந்து பேர் ஜாவா, இரண்டு பேர் சி பிளஸ் பிளஸ். செப்டம்பரிலும் நான் இங்கேயே இருப்பேன்.

சந்தோஷப்பட வேண்டியவள், வீட்டுக்கு வந்து அழுதேன். அந்தப் புத்தகம் இனி விலைபோகாது. அண்ணனுக்கு இருந்த ஒரு பிடியையும் நான் பறித்துவிட்டேனா? அந்தப் பக்கத்தை அவன் மறந்து அப்படி எழுதினானா, தெரிந்தே எழுதினானா? அவன் இருக்கும் இடம் தெரிந்தால் ஒரு வரி எழுதுங்கள். நான் போய்க் கேட்கிறேன்.

என்றும் உங்கள்,
சோரா


சோஃபியா,
22 ஏப்ரல் 2000

அன்புள்ள சோரா,

நீ போக வேண்டாம். வந்துவிட்டார்.

முதலில் நலம்: நான் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அவர் எட்டுக் கிலோ இளைத்திருக்கிறார். ஒரு இருமல் இருக்கிறது, மருந்து கொடுத்திருக்கிறேன்.

போன சனிக்கிழமை மதியம் ஒரே ஒரு பையோடு வாசலில் நின்றார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு, "வேல கெடச்சுதா?" என்றேன். "இருந்ததும் போச்சு" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார், சோரா. ஆகஸ்டுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் பார்க்கவில்லை. உங்கள் ஊரிலிருந்து திரும்பிய அந்த ஆள், "எவன்யா மொத எடத்த காலியா விட்டது?" என்று கம்பெனியின் பிளோவ்திவ் அலுவலகமே அதிரக் கத்தினானாம்.

நீ கேட்டதை நான் கேட்டேன். ஜனவரி கடைசியில்தான் பள்ளிகளின் பட்டியலைப் பார்த்தாராம், ரோசிட்சாவும் உன் பெயரும் இருந்ததாம். புத்தகம் அச்சுக்குப் போக ஒரு வாரம் இருந்தது. ஏழாம் பக்கத்தைத் திருத்தலாம் என்று எடுத்தாராம். "திருத்தியிருந்தா அவளுக்கு நான்னு தெரியாமலே போயிருக்கும். எழுதறதுக்கு மூஞ்சி இல்ல. அவளா கண்டுபிடிச்சா கண்டுபிடிக்கட்டும்னு விட்டுட்டேன்" என்றார். இயந்திரம் நிற்கும் என்று அவர் நினைக்கவில்லை. நீ கண்டுபிடிப்பாய் என்று மட்டும் நினைத்திருக்கிறார்.

பிறகு என் நிரல்களைக் காட்டினேன். மூன்றையும் இரண்டு முறை படித்தார். அலமாரியை ரொம்ப மெச்சினார். அப்புறம் பழைய திமிரோடு, "எல்லாம் சரி, இங்க மட்டும் எங்க வீட்டு வழக்கம் இல்லையே. மொத எடத்துல ஏன் பெட்டிய வச்ச?" என்றார்.

எனக்கு அதுவரை வராத கோபம் அப்போது வந்தது. "ஏழு மாசமா இந்த மேசையில ஒரு நாற்காலி காலி. தினம் அது எதிர்ல உக்காந்துதான் இத எழுதினேன். தாள்லயும் ஒண்ண காலியா விடணுமா?" என்றேன்.

இழுப்பறையைத் திறந்து மார்தெனிட்சாவை நானே அவர் கையில் கட்டினேன். வாசலில் பேரிக்காய் மரம் பூத்து இரண்டு வாரமாகிறது, பூத்த மரத்தைக் கண்டதும் அவிழ்த்து அதில் கட்ட வேண்டிய என்னுடையதை நான் இன்னும் அவிழ்க்காமல்தான் இருந்தேன். இரண்டையும் ஒன்றாக அந்த மரத்தில் கட்டிவிட்டு வந்தோம்.

ஈஸ்டருக்கு வருகிறோம். முட்டைகளுக்கு நீ சாயம் போட்டு வை. மேசையில் அப்பாவின் இடத்தை விட்டுவிட்டு மூன்று நாற்காலி போடு.

அன்புடன்,
நெவெனா

இதற்குக் கீழே இரண்டு வரி அவர் கையெழுத்து. நீ நவம்பரில் கேட்டது:

சோரா, தக்காளி ரொம்பத் தண்ணீர். ஒரே ஒரு பாட்டில் எனக்கென்று எடுத்து வைத்திருந்தாள், இன்று காலி செய்துவிட்டேன்.